எவ்வாறு ஏற்பட்டது?

வன்னியில் ஆசிரியத் தொழில் பார்ப்பவர்களுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுப்பதோடு இன்னொரு தொழிலும் உண்டு. அதற்குச் சம்பளமில்லை, விடுமுறையுமில்லை. படிவம் நிரப்பிக் கொடுப்பதே அந்தத் தொழில். வீட்டுத்திட்டப் படிவம், காணிப் படிவம், அஸ்வெசுமப் படிவம், காணாமற்போன மகனுக்கான படிவம், இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதி கேட்கும் படிவம் என்று ஏதாவதொன்றைப் பொலித்தீன் உறையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் கணவர் இதனை "ஞாயிற்றுக் கந்தோர்" என்று பகிடி பண்ணுவது வழக்கம்.

எழுத்தறியாதவர்கள்தாம் வருகிறார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். வருபவர்களிற் பெரும்பாலோர் என்னைவிட அழகாக எழுதக் கூடியவர்கள். எழுதிய பின் என்ன கேள்வி வருமோ என்ற அச்சமே அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ரீச்சரின் கையெழுத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்றொரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமேதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தும் எழுதிக்கொடுத்து வருகிறேன்.

2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு தாயும் மகனும் வந்தார்கள். மகனுக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயது. இடப்பக்க நெற்றியோரத்தில் மயிர் முளைக்காத ஒரு சிறு வடு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அந்த எழுந்து நின்ற விதத்தை வைத்தே, இவன் என்னிடம் படித்த பிள்ளை என்று கண்டுகொண்டேன். பெயர்தான் சற்றுத் தாமதித்து வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

"ரீச்சர், என்னை மறந்திருக்கமாட்டியள். ஆயிரத்தைஞ்நூறு மீற்றர் ஓடினனான்" என்றான்.

எப்படி மறப்பது? 2005இல் முதல் நியமனம் பெற்று நான் போய்ச் சேர்ந்தது முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பாடசாலை. ஓலைக் கொட்டகையில் வகுப்பு. மழை பெய்தால் ஒதுக்குப்புறமாக வாங்குகளை நகர்த்திக்கொள்வோம். அங்கே ஒன்பதாம் வகுப்பிற்கு நான் வகுப்பாசிரியை. வெறுங்காலோடு அந்தச் செம்மண் மைதானத்தைச் சுற்றி ஓடி, கடைசிச் சுற்றில் மற்றவர்கள் வாய் பிளந்து வரும்போது இவன் மட்டும் சிரித்துக்கொண்டே வருவான். மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது காய்ச்சலென்று வீட்டில் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

2008இல் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோன காலம் அது. யாரும் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே எல்லோருக்கும் தெரியும். நான் இடாப்பில் வரவில்லை என்பதற்குரிய குறியைப் போட்டேன். மறுநாளும் போட்டேன். சில மாதங் கழித்து அதிபரின் சொற்படி அவனுடைய பெயரின்மேற் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன். அப்பொழுது அவனுக்குப் பதினேழு வயது.

இவ்வளவும் நினைவுக்கு வந்து நான் பேசாமல் இருந்தபடியால், தாய்தான் பேச்சைத் தொடங்கினார். மகன் மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். 2021இல் ஒரு வீட்டுச் சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டு நிற்கும்போது வலிப்பு வந்து சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கீழே மணற் குவியல் இருந்தது, முறியவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது மண்டையோட்டின் உட்புறத்தில் நெல்மணியளவு இரும்பு கிடந்தது. எங்கள் பக்கத்துச் சனங்கள் இதனைப் "பீஸ்" என்பார்கள். வன்னியில் இன்று "உடம்பிலை பீஸ் கிடக்கு" என்று ஒருவர் சொன்னால், சர்க்கரை வியாதி இருக்கிறது என்று சொல்வதைப்போலக் கேட்டுக்கொள்கிறோம். காந்தத்தின் உதவியால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் இவனுக்கு எடுக்க முடியாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே கிடக்கும் இரும்பு அசைந்தால் ஆபத்து. குளிசை தந்திருக்கிறார்கள். 2022இல் நாடு பணமின்றித் தவித்த மாதங்களில் அந்தக் குளிசையும் கிடையாமல், வெளியிலே வாங்கக் காசுமில்லாமல், ஒரே கிழமையில் மூன்று தரம் விழுந்தான். அதன்பின் அவனை எந்த மேஸ்திரியும் சாரத்தில் ஏற்றுவதில்லை. மோட்டார்ச் சைக்கிள் ஓட்டவும் கூடாது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர்கள் கொண்டுவந்த படிவம், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதாந்தக் கொடுப்பனவிற்குரியது. அப்போது மாதம் 7,500 ரூபாய். அவ்வாண்டு சித்திரையிலிருந்து 10,000 ரூபாயாயிற்று. ஒரு குடும்பத்திற்கு இது போதுமா என்று கேட்டால் போதாது. ஆனால் ஒன்றுமேயில்லாத இடத்தில் அது அரிசியும் மாவும் பால்மாப் பைக்கற்றுமாகும்.

பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, வருமானம் எல்லாவற்றையும் விரைவாக நிரப்பினேன். இயலாமையின் தன்மை என்ற இடத்தில் டாக்டர் கொடுத்த துண்டைப் பார்த்து எழுதினேன். அதற்கடுத்து ஒரு கேள்வி: எப்பொழுது, எவ்வாறு ஏற்பட்டது?

பேனை நின்றுவிட்டது.

"பிறவியிலை எண்டு எழுதிவிடுங்கோ ரீச்சர்" என்றார் தாய். "கந்தோரிலை ஒரு பிள்ளை அப்பிடித்தான் சொன்னது. போன தரம் இவன் யுத்தத்திலை எண்டு எழுதிக் குடுத்து, சண்டை முடிஞ்சு எத்தினை வருஷம், வலிப்பு வந்தது இப்பதானே எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். பிறவி எண்டால் ஒரு கேள்வியுமில்லையாம்."

மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் பிறக்கேக்கை வலிப்போடை பிறக்கேல்லை, ரீச்சர். உங்களுக்குத் தெரியுந்தானே."

இந்தச் சொற்களை அவன் கோபத்தோடு சொல்லவில்லை. கணக்கில் ஒரு பிழையைக் காட்டும் மாணவனைப்போலச் சொன்னான். இரண்டு பேருடைய நியாயமும் எனக்கு விளங்கிற்று. பத்து மாதம் சுமந்து, முழுப்பிள்ளையாகப் பெற்றெடுத்த தாய், தன் வயிற்றில் வந்த குறை என்று எழுதச் சொல்லுகிறாள். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்குமென்றால் அந்தப் பழியை ஏற்க அவளுக்குத் தயக்கமில்லை. மகனோ, பணம் தாமதித்தாலும் அந்த ஒரு வரி பொய்யாக இருக்கக்கூடாதென்று நிற்கிறான். அன்றைக்கு ஒன்றும் எழுதாமல், "அடுத்த ஞாயிறு வாருங்கள், அதற்கிடையில் நானும் ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் வந்து டாக்டரைக் கேட்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டும். சட்டப்படி பார்த்தால் இந்தக் கொடுப்பனவிற்குக் காரணம் ஒரு பொருட்டன்று. இயலாமையும் வறுமையும் இருந்தாற் போதும். காரணம் பொருட்டாக இருப்பது படைவீரர்களுக்கு. படையிற் சேர்ந்து, கடமையின்போது காயப்பட்டாலோ நோயுற்றாலோ, அந்தக் காயத்திற்காகவே கொடுக்கப்படும் உதவி வேறு. ஏழை என்பதற்காகக் கொடுக்கப்படும் உதவி வேறு. முன்னதில் "இது எங்களால் வந்தது" என்ற ஒப்புதல் அடங்கியிருக்கிறது. பின்னதில் இரக்கம் மாத்திரமே இருக்கிறது. நம் நாட்டில் முப்படையினருக்கு அத்தகைய ஏற்பாடுகள் உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை என்றொரு நிறுவனமும் அவர்களுக்கென அமைக்கப்பட்டது. தோற்றுப்போன பக்கத்தில் நின்றவனுக்கு அத்தகைய கந்தோர் கிடையாது. 2009க்குப் பின் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கூடாக வெளியே வந்தார்கள். அவர்களில் எத்தனை பேரின் உடம்பில் இரும்பு கிடக்கிறதென்பது அவரவர் மனைவிமாருக்கே தெரியும்.

அப்படியானால் வென்ற பக்கத்தாருக்கு எல்லாம் சரிவர நடந்தனவா? அதை நான் ஒரு வாங்கில் இருந்து தெரிந்துகொண்டேன்.

சொன்னபடி அடுத்த கிழமை அவனோடு ஆஸ்பத்திரிக் கிளினிக்கிற்குப் போனேன். காலை ஆறரை மணிக்கே இலக்கம் எடுக்க வேண்டும். எங்களுக்கு 47 கிடைத்தது. அதாவது பதினொரு மணிவரை காத்திருப்பு. வவுனியாவில் இத்தகைய வாங்குகளில் ஓமந்தையார், செட்டிகுளத்தார், சாளம்பைக்குளத்து முஸ்லிம்கள், தெற்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். தேர்தற் காலத்தில் ஒன்றுசேராதவர்களை இலக்கத் துண்டு ஒன்றுசேர்த்துவிடும். எங்களுக்குப் பக்கத்தில் மடுகந்தைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். காற்சட்டையின் ஒரு காலுக்குள்ளே பொய்க்கால் என்பது அவர் உட்கார்ந்த முறையிலிருந்து தெரிந்தது. எனக்குச் சிங்களம் சந்தையில் மீன் வாங்குமளவிற்கே வரும். நம் பிள்ளை புனர்வாழ்வு முகாமில் இருந்த காலத்தில் நன்றாகப் பழகிவிட்டான். இருவரும் பேசத் தொடங்கினார்கள். எனக்கு இடைக்கிடை மொழிபெயர்த்தான்.

"எங்கே, மல்லி?" என்று அவர் நெற்றி வடுவைக் காட்டிக் கேட்டார்.

"மாத்தளன்."

"எனக்கு முகமாலை. 2006 ஒக்டோபர்."

அதற்குமேல் அந்த விஷயத்தில் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. உடனே குளிசையைப் பற்றிய பேச்சாகிவிட்டது. எது வயிற்றைப் புரட்டும், எதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், எந்த மிஸ் ஏசுவா, எந்த மிஸ் நல்லவ என்ற பேச்சு. சற்று நேரத்தில் ஸ்கான் படங்களையும் மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாதகம் பார்ப்பவர்களைப்போலத் தலையைச் சாய்த்து ஆராய்ந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன்.

அந்த மனிதரின் வழக்கு இதுதான். கால் போனது கோப்பில் எழுதியிருக்கிறது, அதற்குரியது கிடைக்கிறது. ஆனால் அதே வெடியில் இரு காதுகளும் அடைத்துக்கொண்டன. அப்பொழுது இளவயது, கால் போன துயரத்தில் காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வருஷம் போகப்போக ஒரு காது முற்றாய்ச் செவிடாகி, ஓயாத இரைச்சலும் தலையிடியும் சேர்ந்துவிட்டன. இப்போது கேட்டால், விலகும்போது எழுதிய பத்திரத்தில் காதைப் பற்றி ஒரு சொல்லுமில்லையே என்கிறார்களாம். கால் கோப்பில் ஏறியது; காது ஏறவில்லை. 2016 நவம்பரில் கொழும்பில், 12 ஆண்டு சேவை நிறையுமுன் காயப்பட்டு விலக நேர்ந்த படைவீரர்கள் ஓய்வூதியங் கேட்டு வீதியில் இறங்கினார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வந்தவர்களைப் பொலிசார் கலைத்த விதம் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அந்தக் கூட்டத்தில் தாமும் நின்றதாக இவர் சொன்னார். சொல்லும்போது பெருமையுமில்லை, வருத்தமுமில்லை. மழையில் நனைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. என் கேள்விக்கு அவர் தந்த விடையை வீட்டிற்கு வந்து புத்தகங்களில் மேலும் தேடிப் பார்த்தேன். தலையைத் துளைத்த காயம் உள்ளவர்களுக்கு வலிப்பு வருவது அதிசயமன்று. வியட்நாம் யுத்தத்தில் அவ்வாறு காயப்பட்ட அமெரிக்க வீரர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வலிப்பு வந்தது. பலருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள். சிலருக்கோ காயப்பட்டுப் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னரே முதல்முறையாக வந்திருக்கிறது. "சண்டை முடிந்து எத்தனை வருஷம்" என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கெட்டவர் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆறிய புண்ணும் ஆறாத புண்ணும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

தேடும்போது இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றும் கண்ணிற் பட்டது. இதே வலிப்பு நோயைப் பற்றியது. தரம்வீர் சிங் என்பவர் 1985இல் இந்தியத் தரைப்படையின் சமிக்ஞைப் பிரிவிற் சேர்ந்தார். ஒன்பது ஆண்டளவு சேவை செய்த பின் வலிப்பு நோயின் காரணமாக, 20 வீத இயலாமை என்று குறித்து 1994இல் அனுப்பிவிட்டார்கள். இது அவருடைய உடம்பின் இயல்பால் வந்த நோய், சேவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவ சபை எழுதியபடியால் இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவரும் விடவில்லை. வழக்கு ஓரிடத்தில் வென்று, ஓரிடத்தில் தோற்று, 2013 யூலையில் உச்ச நீதிமன்றத்தில் முடிவடைந்தது. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இது: படையிற் சேரும்போது நோயென்று ஒரு குறிப்பும் எழுதவில்லையானால், அவர் முழு நலத்தோடு சேர்ந்தாரென்றே கொள்ள வேண்டும். பின்னர் நலங் கெட்டதனால் வெளியேற்றினால், அது சேவையினாற் கெட்டதென்றே கொள்ள வேண்டும். அப்படியன்று என்று நிரூபிக்கும் பாரம் அரசாங்கத்தைச் சேர்ந்தது. வீரன் தலையில் அதைச் சுமத்தலாகாது. ஐயம் இருப்பின் அதன் பலன் அவனுக்கே.

இதை வாசித்தபோது எனக்கு ஒருவகை எரிச்சலும் உண்டாயிற்று. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தபோது எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட ஒரு குறிப்பு ஒரு மனிதனைக் காப்பாற்றுகிறது. எங்கள் பிள்ளையை யார் எந்தப் புத்தகத்தில் பதிந்துகொண்டு கூட்டிப்போனார்கள்? பதிந்திருந்தாலும் அந்தப் புத்தகம் நந்திக்கடலுக்கு இப்பால் எங்கே எரிந்ததோ? பாடசாலையில் வைத்தியப் பரிசோதனை நடந்தது உண்மை. நிறையும் உயரமும் கண்பார்வையும் பற்றிய விபரங்களை நானே எழுதினேன். அந்த அட்டைகளும் இடாப்புகளும் 2009இல் பாடசாலையோடு போய்விட்டன. நான் சிவப்பு மையால் இழுத்த கோடுங்கூடப் போய்விட்டது.

வரலாறு கற்பிப்பவளாகையால் வேறொன்றையும் யோசித்துப் பார்த்தேன். தோற்ற படையின் காயக்காரருக்கு உலகத்தில் எங்காவது கணக்குத் தீர்த்திருக்கிறார்களா? ஸ்பெயின் தேசத்து உள்நாட்டு யுத்தம் 1939இல் முடிந்தது. வென்ற பிராங்கோவின் பக்கத்தில் அங்கமிழந்தவர்களுக்குப் பட்டமும் உத்தியோகமும் கிடைத்தன. தோற்ற குடியரசின் பக்கத்தில் அங்கமிழந்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் வந்தது 1980இல். இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள். இருபது வயதிற் காலிழந்தவன் அறுபத்தொரு வயதில் விண்ணப்பம் எழுதினான். அமெரிக்காவிலோ இன்னுந் தாமதம். 1865இல் தோற்ற தென் மாநிலப் படையினருக்கு அவ்வம் மாநிலங்கள் தம்மாலியன்றதைக் கொடுத்து வந்தன. மத்திய அரசாங்கம் அவர்களையும் ஓய்வூதியத்திற்கு உரியவர்களென்று சட்டஞ் செய்தது 1958இல். யாருக்கு? வாங்குவதற்கு அநேகமாக விதவைகளே எஞ்சியிருந்தார்கள். நம்மவர்களுக்கு நெருங்கிய கதையுமொன்றுண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருவாரியாகச் சேர்ந்த நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தாருக்கு, சுதந்திரம் பெற்று இருபத்தைந்தாம் ஆண்டாகிய 1972இல் வகுத்த தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் இடங் கிடைத்தது. இவற்றையெல்லாம் எங்கள் நாட்டோடு ஒப்பிட்டு நியாயம் பேச நான் துணியவில்லை. எந்தப் போர் எதற்காக நடந்தது, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்விகள் பெரியவை; இயக்கம் எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனதையும் நான் மறக்கவில்லை. அவன் சேவை செய்தான் என்று எழுதுவதா, அவனைச் சேவைக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதுவதா என்பதே எனக்குத் தெளிவில்லை. தெளிவானது ஒன்று: அவன் நலத்தோடு போனான்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் வந்தார்கள். இந்தத் தடவை மருமகளும் வந்திருந்தாள். படிவத்தை எடுத்து, அந்தக் கேள்விக்கு நேரே இவ்வாறு எழுதினேன்: "2009 மார்ச்சு மாதம் மாத்தளனில் எறிகணைத் துண்டு தலையிற் பாய்ந்ததால் ஏற்பட்ட காயம், 2021 முதல் அதன் விளைவாக வலிப்பு." டாக்டரும் இரண்டாந் துண்டில் ஸ்கானில் தெரியும் இரும்பைக் குறித்துக் கையெழுத்து வைத்திருந்தார்.

அது முழு உண்மையா? அவன் அன்றைக்கு எந்த உடுப்புப் போட்டிருந்தான் என்பதை நான் எழுதவில்லை. எழுதினால் கொடுப்பனவு நிற்குமென்பதற்காகவன்று. சட்டப்படி நிற்கவும் கூடாது. சாதாரண உடுப்பில் வந்து படலையில் நின்று விசாரிப்பவர்கள் இன்னொரு தரம் வருவார்களோ என்று மருமகள் பயந்தாள். அவன் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு, "சரி ரீச்சர், அது காணும்" என்றான். பொய்யை விலக்கிவிட்டோம் என்ற திருப்தி எனக்கு முழுதாக உண்டாகவில்லை. மாத்தளனில் அன்று எறிகணைக்கு அகப்பட்ட பல்லாயிரம் சனங்களில் அவனும் ஒருவன் என்றாகிவிட்டது. அது பொய்யன்று. ஆனால் அவனுடைய கதை அதுமட்டுமன்று.

அந்த மனக்குறை தீரத்தான் போலும், அன்றிரவே தனியாக ஒரு கடிதம் எழுதினேன். யாரும் கேட்காத கடிதம். இன்ன ஆண்டுமுதல் இன்ன ஆண்டுவரை இன்ன பாடசாலையில் இம்மாணவனுக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன்; அக்காலத்தில் இவன் நல்ல உடல்நலமுடையவனாக இருந்தான்; வலிப்போ வேறெந்த நோயோ இவனுக்கு இருந்ததில்லை; 2006, 2007ஆம் ஆண்டுகளின் விளையாட்டுப் போட்டிகளில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றான்; இவை யான் நேரிற் கண்டறிந்தவை என்று எழுதி, கையொப்பமிட்டு, இப்போது நான் கற்பிக்கும் பாடசாலையின் அதிபரிடமும் உறுதிப்படுத்தி வாங்கிக் கொடுத்தேன். அதிபர் வாசித்துவிட்டு, "இதென்ன சேட்டிபிக்கற்று, ரீச்சர்? எந்தச் சுற்றுநிருபத்தின் கீழ்?" என்று கேட்டார். பிறகு முத்திரை குத்தித் தந்தார்.

படிவம் கந்தோரில் ஏற்கப்பட்டது. கடிதத்தை மட்டும் அங்கிருந்த உத்தியோகத்தர் கம்பிப் பின்னைக் கழற்றி, இது தேவையில்லையென்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மரியாதையாகத்தான் கொடுத்தாராம். ஆடி மாதத்திலிருந்து கொடுப்பனவு வருகிறது. இப்பொழுது குருமன்காட்டுச் சந்திக்கருகில் ஒரு கடையில் நிலத்தில் இருந்தபடி சைக்கிள் திருத்துகிறான். உயரத்தில் ஏற வேண்டியதில்லை.

திருப்பிக் கொடுத்த கடிதத்தை அவன் எறியவில்லை. ஸ்கான் படம் வைத்த பெரிய உறைக்குள் அதையும் வைத்திருக்கிறான். அண்மையில் கிளினிக்கில் மடுகந்தைக்காரர் அதை எடுத்துப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். இவன் வரிவரியாகச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். கேட்டு முடிந்ததும் அவர், படையிற் சேருமுன் தமக்குக் காது நன்றாகக் கேட்டதென்று இப்படியொரு கடிதம் தமது பாடசாலையிலும் வாங்கலாமோ என்று கேட்டாராம். பிறகு தாமே கணக்குப் பார்த்து, தமது வகுப்பாசிரியர் காலமாகி ஐந்தாறு வருஷமாகிவிட்டது; ஆனால் பாடசாலையில் பண் இசைக் குழுவிற்கு மேளம் அடித்தபோது கூட நின்றவர் ஒருவர் மெதவாச்சியில் இருக்கிறார், அவரைப் போய்ப் பார்க்கிறேன் என்றாராம்.